வரிசையில் அடுத்தது

கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு முடித்த டாக்டரம்மா, கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "பாத்ரூம் போறதைத் தவிர வேற எதுக்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. குழந்தை பிறக்கிற வரைக்கும்."

சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். கேட்டுக்கொண்டு படுத்திருந்தவளுக்குத் தீர்ப்பு வாசித்த மாதிரி இருந்தது. அவள் நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். கழுத்தில் விசிலோடு குளத்தின் கரையில் மேலும் கீழும் நடந்துகொண்டே இருப்பாள். பிள்ளைகள் 'கோச்சக்கா' என்று கூப்பிடுவார்கள். கோச்சக்கா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை என்பார் குளத்துக் காவலாளி. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவளைப் போய்ப் படு என்றால் என்ன செய்வாள்?

படுத்தாள். ஏற்கெனவே இரண்டு முறை ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. மூன்றாவதற்காக அவள் தலைகீழாக நிற்கச் சொன்னாலும் நின்றிருப்பாள். ஆனால் அசையாமல் இருக்கச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது.

முதலில் கணவன் கூட இருந்தான். சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். விடுப்பை நீட்டி, நீட்டியதை இன்னொரு தரம் நீட்டி, கடைசியில் கம்பெனிக்காரன் 'வர்றியா, வேற ஆளைப் பார்க்கவா' என்று கேட்ட பிறகுதான் பெட்டியைக் கட்டினான். அவளுடைய அம்மாவுக்கு மூட்டு வலி. லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடிக்கு ஏற முடியாது. அதனால் அவன் தன் அக்காவுக்கு போன் போட்டான்.

அக்கா பள்ளி வேன் ஓட்டுபவர். கோடை விடுமுறை தொடங்கியிருந்தது. கல்யாணம் ஒத்துவராமல் பல வருஷமாகத் தனியாக இருப்பவர். கிளம்புவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. மஞ்சள் வேனைப் பின்தெருவில் நிறுத்திவிட்டு, ஒரே ஒரு பையோடு மேலே வந்தார். வந்ததும் ஜன்னல் திரையை நேராக இழுத்துவிட்டு, தம்பி மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

"இங்க பாரும்மா. வருஷம் பூரா காதுக்குள்ள நாப்பது பிள்ளைங்க கத்துதுங்க. இந்த லீவுலதான் நான் மனுஷியா இருக்கறது. சமைக்கிறேன், துவைக்கிறேன், உன்னைக் குளிப்பாட்டவும் செய்யறேன். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். வீடு சத்தமில்லாம இருக்கணும்."

"சரிங்க அண்ணி," என்றாள் அவள். அந்தச் 'சரி' அன்று சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

படுக்கையறைச் சுவரில் தரையிலிருந்து தலைக்கு மேல் வரை ஒரு அலமாரி. அதில் முழுக்க சிடிக்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவள் நீச்சல் போட்டிகளுக்கு ஊர் ஊராகப் போய்வருவாள். போன ஊரில் எல்லாம் ஒரு ஆல்பம் வாங்குவாள். ஜெயித்தாலும் வாங்குவாள், தோற்றாலும் வாங்குவாள். கல்யாணத்துக்குப் பிறகு கணவன் துறைமுகம் துறைமுகமாக வாங்கி வந்ததும் சேர்ந்துகொண்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் பிளேயர் இருந்தது. ஆனால் அலமாரி இரண்டு எட்டு தள்ளி. அந்த இரண்டு எட்டு அவளுக்கு இப்போது கடல்.

"அண்ணி, அந்தப் பச்சை அட்டை எடுத்துத் தர்றீங்களா?"

எடுத்துத் தந்தார். இரண்டு பாட்டு ஓடியது. மூன்றாவது தொடங்குவதற்குள் அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது.

"அண்ணி, இது வேணாம். மேல் தட்டுல, ஒரு படகு படம் போட்டிருக்கும்."

படகு ஒரு பாட்டு ஓடியது. பிறகு வயலின். வயலின் பாதியில் நின்று, யாரோ ஒருவர் தொண்டை கிழியப் பாடினார். அவரும் பாதியில் போனார். எதைப் போட்டாலும் மனசு அடுத்ததற்குத் தாவியது. வேகமான தாளம் வந்தால் போர்வைக்குள் கால் தானாக உதைக்கத் தொடங்கிவிடும். உடனே தையல் ஞாபகம் வந்து வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். மெதுவான பாட்டு வந்தால் இன்னும் மோசம். யோசிக்க நேரம் கிடைத்துவிடும். கீழே ஒரு கார் கழுவும் நிலையம். நாள் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சும் சத்தம். அதைக் கேட்டுக்கொண்டு வெறுமனே படுத்திருக்கவும் முடியவில்லை.

நான்கு நாள் பொறுத்துப் பார்த்தார் அண்ணி. ஐந்தாம் நாள் வெங்காயக் கையோடு வந்து நின்றார்.

"நான் என்ன உனக்கு ஹோட்டல் சர்வரா? அதைக் கொண்டா, இதைக் கொண்டான்னு! ஒரு பாட்டாவது முழுசா முடிஞ்சிருக்கா இந்த வீட்ல? பாதிப் பாட்டா கேட்டுக் கேட்டு எனக்குத் தலை சுத்துது. போட்டா ஒண்ணை முழுசா போடு. இல்லைன்னா எதையும் போடாதே."

"எதைப் போடறதுன்னு முடிவு பண்ண முடியலை அண்ணி."

"நீ ஏன் முடிவு பண்ற? காலையில வேனை எடுத்தா, இந்த வீட்டுப் பிள்ளை நல்ல பிள்ளை, இதை முதல்ல ஏத்துவோம், அந்த வீட்டுப் பிள்ளை வாந்தி எடுக்கும், அதை விட்ருவோம்னு நான் போக முடியுமா? ரூட்னு ஒண்ணு இருக்கு. வரிசையா நிக்கணும், வரிசையா ஏத்தணும். பிடிச்சது பிடிக்காததுன்னு கிடையாது."

"பாட்டுக்கு ஏது ரூட்?"

அண்ணி அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "அ, ஆ, இ, ஈ," என்றார்.

வீம்புக்குச் சொன்னதுதான். ஆனால் சொன்னதை அந்த அம்மாள் செய்யாமல் விடுகிறவர் இல்லை. மறுநாள் காலை அலமாரியை முழுக்கக் காலிசெய்து தரையில் பரப்பி, முட்டிபோட்டு உட்கார்ந்துகொண்டார். அவள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துப் பேரைச் சொல்லச் சொல்ல, இவர் அடுக்கினார். மண்டை காய்ந்துபோனது. 'தி' என்று தொடங்கும் இங்கிலீஷ் ஆல்பங்களை எங்கே வைப்பது என்று ஒரு பெரிய சண்டை.

"அந்த 'தி'க்கு அர்த்தமே கிடையாது அண்ணி. அதுக்கு அடுத்த எழுத்தைப் பார்க்கணும்."

"முதல்ல என்ன எழுதியிருக்கோ அதான் பேரு. என் வேன்ல இனிஷியல் போட்டுத்தான் கூப்பிடுவேன். த-வுலதான் வரும்."

பேரே படிக்க முடியாத வெளிநாட்டு அட்டைகளுக்கு அண்ணி படத்தைப் பார்த்து ஒரு பேர் வைத்து, ஸ்டிக்கரில் எழுதி ஒட்டினார். குதிரைப் படம் இருந்தால் 'குதிரை'. மொட்டைத் தலை ஆள் இருந்தால் 'மொட்டை'. அப்படி ஒட்டிக்கொண்டே வந்தவர், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அட்டையில் ஒரு குழந்தை, வட்டமான வெள்ளைத் தலையணையில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"இது என்ன பாஷைன்னே தெரியலை. தாலாட்டுன்னு எழுதிடறேன். த-வுல வைக்கவா?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "வைங்க," என்றாள்.

மூன்று சட்டங்கள் போட்டார் அண்ணி. ஒரு ஆல்பம் தொடங்கினால் முடிய வேண்டும். ஒரே ஆல்பத்தைத் திரும்பப் போடக் கூடாது. வரிசை தாண்டக் கூடாது.

முதலில் வந்தது 'அடுத்த நிறுத்தம்' என்ற ஆல்பம். மாநிலப் போட்டியில் அவள் தோற்றுத் திரும்பிய அன்று பேருந்து நிலையத்தில் வாங்கியது. அதற்குப் பிறகு அதைக் கேட்டதே இல்லை. பத்துப் பாட்டில் ஒன்றுகூடத் தேறவில்லை. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தவித்தாள். அண்ணி அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார்: "தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்."

ஆ, இ, ஈ என்று நகர்ந்தது. முதல் வாரம் அண்ணி அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை செய்தார். இரண்டாவது வாரம் கதவு ஒருக்களித்திருந்தது. ஒருநாள் கீரையை ஆய்வதற்குத் தட்டோடு வந்து கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தார்.

"இந்தாளு ஏன் எருமைக்குச் சளி பிடிச்ச மாதிரி பாடறான்?"

"அவர் பெரிய ஆளு அண்ணி. அந்த நாட்டுல சிலை வச்சிருக்காங்க."

"மூக்கைத் துடைச்சிட்டு வெச்சாங்களா?"

உ-வில் 'உப்புக்காற்று' இரண்டு பிரதி இருந்தது. அவளுடையது ஒன்று, கணவனுடையது ஒன்று. பெண் பார்க்க வந்த அன்று பேச்சே வராமல் இரண்டு பேரும் முழித்துக்கொண்டிருந்தபோது, அலமாரியில் அதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் வாயைத் திறந்தான். இரண்டையும் கேட்க வேண்டுமா என்று அவள் கேட்டாள். "ஒரு வீட்ல ரெண்டு பிள்ளைன்னா ரெண்டு தரமா நிறுத்துவேன்? ஒரு தரம் போதும்," என்று தீர்ப்புச் சொன்னார் அண்ணி.

நிம்மதி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. முழுசாக ஒரு ஆல்பத்தைக் கேட்பது அவளுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கடியில் போவது மாதிரிதான் இருந்தது. ஆனால் எதைப் போடுவது என்ற கேள்வி போயிற்று. அடுத்தது எதுவோ அது வரும். வயிற்றுக்குள்ளும் ஒவ்வொரு வாரமாகக் கூடிக்கொண்டு வந்தது. ஐந்தாம் மாதம் எப்போதோ தாண்டி, ஏழும் முடிந்தது. அண்ணிதான் நாளுக்கு நாள் மாறினார். க-வில் ஆல்பங்கள் ஏராளம். அந்த நீண்ட வரிசை முடிவதற்குள் 'கண்ணாடித் தூசு'க்குத் தாளம் போடும் அளவுக்கு வந்துவிட்டார். தாளம் தப்பாக இருந்தது. அவள் சொல்லவில்லை.

ச தொடங்கியதும்தான் அவளுடைய பழைய வியாதி திரும்பியது.

தலைவலி என்றாள். பாட்டு வேண்டாம், தூக்கம் வருகிறது என்றாள், தூங்கவும் இல்லை. ஒரு ஆல்பத்தைச் சரியாகக் கேட்கவில்லை, திரும்பப் போடலாம் என்று பேரம் பேசினாள். சாப்பாட்டில் குறை சொன்னாள். தலையணையை மாற்றச் சொல்லி, மாற்றியதும் பழையதையே கேட்டாள். சட்டத்தில் ஓட்டை தேடுகிற பிள்ளைகளை அண்ணி நிறையப் பார்த்தவர். ஆனால் இது ஏன் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"உனக்கு என்னதான் ஆச்சு? நல்லாத்தானே போயிட்டிருந்தது? ஏன் இப்படி முரண்டு பிடிக்கிற?"

"ஒண்ணுமில்லை அண்ணி. வெக்கை."

ஞ-வில் எதுவும் இல்லை. ட-வில் ஒன்றே ஒன்று, 'டமாரம்'. கொட்டு மேளம் மட்டும். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அடுத்தது த. 'தனிவழி' ஒரு காலைப்பொழுதில் போய்ச் சேர்ந்தது. மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அண்ணி அந்த உறை பிரிக்காத சிடியையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"இது வேணாம் அண்ணி. அடுத்ததைப் போடுங்க."

"ஏன்? நல்ல சகுனமாட்டம் தாலாட்டு வருது. வயித்துல இருக்கறதும் கேக்கட்டுமே."

"வேணாம்னு சொல்றேன்ல?"

"வரிசைன்னா வரிசை. அந்தச் சளி பிடிச்சவனையே ஒரு மணி நேரம் கேட்டேன் நான். நீ எனக்குச் சட்டம் மாத்தறியா?" என்று கத்தரிக்கோலை உறையின் ஓரத்தில் வைத்தார்.

அவள் போர்வையை உதறிவிட்டு எழுந்தாள். அத்தனை வாரம் பாத்ரூமுக்குத் தவிர வேறெதற்கும் இறங்காத கட்டிலிலிருந்து இறங்கி, விடுவிடுவென்று கூடத்தைத் தாண்டி, வாசலில் செருப்பில் காலை நுழைத்துவிட்டாள். எங்கே போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. அந்த அறையில் இன்னொரு நிமிஷம் இருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது. கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தபோது அடிவயிறு கல்லாக இறுகியது.

அப்படியே நின்றாள். பிறகு மெதுவாகச் செருப்பு ஸ்டாண்டின் மேலேயே உட்கார்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணி," என்றாள்.

அண்ணி திட்டவில்லை. ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையைத் தொடைக்கும் கொடுத்து, அவளைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். ரத்தம் இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும், மறுபடி இறுகினால் கொண்டு வாருங்கள் என்றார்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு உள்ளங்கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கீழே ஒரு கார் போய், இன்னொரு கார் வந்து, அதையும் கழுவி முடித்தார்கள். அப்புறம்தான் உள்ளிருந்து ஒரு உதை வந்தது.

அண்ணி மூச்சு விட்டார். "இப்ப சொல்லு," என்றார்.

அவள் சொன்னாள். முதல் முறை உண்டானபோது கணவன் நடுக்கடலில் இருந்தான். செய்தி தெரிந்து, அடுத்து கப்பல் நின்ற துறைமுகத்தில் இறங்கி அந்த சிடியை வாங்கினான். அவன் அதைக் கொண்டு வருவதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. பெட்டியைத் திறந்தவன் அதை எடுத்து, அவள் பார்க்கவில்லை என்று நினைத்து, மேல் தட்டில் மற்றதற்கெல்லாம் பின்னால் செருகினான். அவள் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவனும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவளும் பேசவில்லை. இரண்டாவது தரமும் போன பிறகு அந்தத் தட்டைத் துடைப்பதைக்கூட அவள் விட்டுவிட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார் அண்ணி. தரையில் உட்கார்ந்துவிட்டார். "அந்தத் தடிப்பயல் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. நான் பாட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டி…" பேச வார்த்தை கிடைக்காதபோது அவர் வேன் கதைக்குத்தான் போவார். "பிள்ளை வராத வீட்லகூட வேன் ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான்…" என்று ஆரம்பித்தவர், என்ன பேசுகிறோம் என்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சீ! என் வாயில கொள்ளியை வைக்க. நான் அந்த அர்த்தத்துல சொல்லலை."

"தெரியும் அண்ணி."

சிடியை எடுத்துத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினார் அண்ணி. அன்று வேறு எதுவும் போடவில்லை. வீடு, அண்ணி வந்த அன்று கேட்ட மாதிரியே, சத்தமில்லாமல் இருந்தது.

மறுநாள் காலை அவளே கேட்டாள்.

"அதைப் போடுங்க. நான் நிறுத்துன்னா நிறுத்திடணும். சட்டம் கிட்டம் பேசக் கூடாது."

"வேணாம்மா. எதுக்கு? 'தி'யெல்லாம் காத்திட்டிருக்கு, அதுக்குப் போவோம்."

"நேத்து ராத்திரி பூரா அந்தப் பையையே பார்த்துட்டுப் படுத்திருந்தேன். எங்க வச்சாலும் எனக்கு அது தெரியுது. போட்டுடுங்க."

அண்ணி கத்தரிக்கோலால் உறையைப் பிரித்தார். பிளாஸ்டிக் கோணல்மாணலாகக் கிழிந்தது. தட்டைப் பிளேயருக்குள் வைத்து, பொத்தானை அழுத்திவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

'தனிவழி' சன்னமாகக் கேட்கிறதென்று கூட்டிவைத்த சத்தத்தை யாரும் குறைத்திருக்கவில்லை.

அறையே அதிர்ந்தது. இருபது ட்ரம்பெட்டுகள் ஒன்றாக முழங்கின. பின்னாலேயே ஒரு பெரிய முரசு. யாரோ ஒருவன் அடிவயிற்றிலிருந்து ஆணையிட்டான். பூட்ஸ் கால்கள் தடதடவென்று நடந்தன. கூட்டம் ஆர்ப்பரித்தது. அண்ணி கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. கார் கழுவும் பையன்கள் குழாயைப் பிடித்தபடியே மாடியை அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஐயோ, இது என்ன கருமம்!" என்று அண்ணி சிடியின் அட்டையைப் பிடுங்கிப் பார்த்தார். பளபளத்த உறை போன பிறகுதான் படம் தெளிவாகத் தெரிந்தது. குழந்தை தலை வைத்துத் தூங்கியது தலையணையில் இல்லை. ஒரு பெரிய முரசின் மேல். ஓரத்தில் குச்சிகூட இருந்தது.

அவள் கண்ணைத் திறந்து அட்டையைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். முதலில் மூக்கு விடைத்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு அடக்க முடியவில்லை.

"சிரிக்காதே! அடியே, தையல்! தையல்!" என்று அண்ணி ஒரு தலையணையை எடுத்து அவள் வயிற்றில் அணைத்துப் பிடித்தார். பிடித்தவருக்கும் சிரிப்பு வந்து, முகத்தை மெத்தையில் புதைத்துக்கொண்டு குலுங்கினார். முரசு நிற்கவே இல்லை. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு எந்த இடத்தில் அது அழுகையானது என்று தெரியவில்லை. அண்ணி தலையணையை விட்டுவிட்டு அவள் தலையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு முறையும் அவள் இப்படி அழுததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வேகத்தில் குளத்துக்குப் போய், விசிலை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தவள் அவள்.

நிறுத்தவா என்று அண்ணி கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினாள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் அந்தப் படை அறைக்குள் நடந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் கப்பலிலிருந்து போன் வந்தது. எதிரொலியும் கரகரப்புமாகக் குரல்.

"நீங்க வாங்கிட்டு வந்த தாலாட்டைக் கேட்டோம்," என்றாள்.

"எது… அதையா?" என்றான். "உனக்கு அது இருக்கறது தெரியுமா?"

அவள் போனைப் பிளேயரிடம் பிடித்தாள். அண்ணி பொத்தானை அழுத்தினார். ட்ரம்பெட்டுகள் முழங்கின.

"கடைக்காரனுக்கு நம்ம பாஷையும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது," என்றான் அவன். "கையில குழந்தையை வச்சு ஆட்டற மாதிரி செஞ்சு காமிச்சேன். ரெண்டு கையையும் இப்படி இப்படி. அவன் கொட்டு அடிக்கறதுன்னு நினைச்சிருப்பான் போல."

சிரித்தான். பிறகு அவன் குரலும் உடைந்தது. கூட இருந்த யாரோ என்னப்பா என்று கேட்பது போனில் கேட்டது. "வீட்ல இருந்து," என்று அவன் யாருக்கோ சொன்னான்.

அதற்குப் பிறகு 'தி'க்கள் எல்லாம் சரசரவென்று போயின. ந முடிந்தது. அவளுடைய கால் போர்வைக்குள் உதைப்பது நிற்கவில்லை. ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதும் நிற்கவில்லை. ஆனால் இப்போது பேசினாள். பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாள். "எனக்கும்தான்," என்றார் அண்ணி. இரண்டு பேரும் அதைச் சொல்லிவிட்டு, அடுத்த தட்டைப் போட்டார்கள்.

ப-வில் ஒரு புல்லாங்குழல் ஆல்பம் ஓடிக்கொண்டிருந்த மத்தியானத்தில் அவளுக்குத் தண்ணீர்க்குடம் உடைந்தது. தையலைப் பிரிக்க டாக்டரம்மா குறித்துக் கொடுத்த தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டால், வருகிறோம் வருகிறோம் என்றார்களே தவிர வரவில்லை. கார் கழுவும் பையன்கள் நான்கு பேர் மேலே ஓடி வந்து, அவளை நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கினார்கள். அண்ணி வேனின் நீள இருக்கையில் அவளைப் படுக்க வைத்து, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். பின்னால் 'மெதுவாகச் செல்லவும், குழந்தைகள்' என்ற பலகையோடு ஒரு மஞ்சள் வேன் அப்படிப் பறந்ததை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்திருக்காது.

தையலைப் பிரித்த சற்று நேரத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு. அழுத சத்தம் பூனைக்குட்டி மாதிரி இருந்தது; ஆனால் அழுதது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கில் ஒரு குழாயைச் செருகினார்கள். மூச்சுக்கு உதவிதான், பயப்படாதீர்கள் என்று செவிலியர் சொன்னார். பயப்படாமல் எப்படி இருப்பது? இரண்டாம் நாளே அவள் எழுந்துகொண்டாள். இப்போது நடக்கலாம் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியின் நீண்ட நடையில், சுவரைப் பிடித்துக்கொண்டு, மேலும் கீழும், மேலும் கீழும் நடந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணாடி வழியாகப் பெட்டியைப் பார்த்தாள். உட்காரச் சொல்லிச் சொல்லிச் செவிலியர்கள் அலுத்துப்போனார்கள்.

அண்ணி இரவில் வீட்டுக்குப் போய், காலையில் சாப்பாட்டோடு வருவார். ஒருநாள் அவளுக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டு, எங்கோ பார்த்தபடி சொன்னார்:

"ப முடிச்சிட்டேன். ம-வுல பாதி."

அவள் நின்றுவிட்டாள். "என்ன முடிச்சீங்க?"

"வரிசையில அடுத்தது இருந்தது. போட்டேன்."

"நான் இல்லாமலா?"

"வீட்ல ஒரு சத்தமும் இல்லைம்மா. என்னால இருக்க முடியலை." திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம் அண்ணிக்கு. "ம-வுல ஒண்ணு ரொம்ப நல்லா இருந்தது. நடுவுல ஒரு பொம்பளை, இப்படி… ம்ம்ம், ம்ம்ம்ம்…" என்று முனகிக் காட்டினார். ராகமும் இல்லை, தாளமும் இல்லை. எந்தப் பாட்டு என்று அவளால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கோபம் கோபமாக வந்தது.

"திரும்ப ப-விலிருந்து போடணும். நான் கேக்கலை."

"வேன் ரிவர்ஸ்ல போகாது."

"அப்ப நான் என்ன, ரோட்ல விட்டுட்டு வந்த பிள்ளையா?"

செவிலியர் எட்டிப் பார்த்து, மெதுவாகப் பேசுங்கள் என்றார். இருவரும் வாயை மூடிக்கொண்டு, ஒருவரையொருவர் முறைத்தபடி அடுத்த திருப்பம் வரை நடந்தார்கள்.

குழந்தை தானாக மூச்சு விட ஆரம்பித்து, குழாயை எடுத்து, பாலைக் குடிக்கக் கற்றுக்கொண்டு, வீட்டுக்கு வருவதற்குள் பள்ளி திறக்கிற நாள் வந்துவிட்டது. கணவனும் வந்து சேர்ந்தான். அண்ணி தன் ஒற்றைப் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்களேன்," என்று அவள்தான் சொன்னாள். நாப்பது பிள்ளைகள் தெருவில் நிற்கும் என்று சொல்லிவிட்டு அண்ணி போய்விட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறார். ப-வையும் ம-வையும் அவளுக்காக இரண்டாம் தரம் கேட்டார். கேட்ட அத்தனை நேரமும் குறை சொன்னார். அவளும் இப்போது ஒரு ஆல்பம் முடிகிற வரை ஒரே இடத்தில் இருப்பதில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்தபடியே கேட்கிறாள். குழந்தைக்கும் அதுதான் பிடித்திருக்கிறது, நின்றால் அழுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ர முடிந்தது. எல்லாம் முடிந்த பிறகு திரும்பவும் அ-விலிருந்து தொடங்கப் போகிறீர்களா என்று கணவன் கேட்டான்.

"ஐயோ, வேணாம்!" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.